மாமன் கொண்டுவந்த பியானோ

சரண்யாதேவியைப் போல ஒரு வாயில்லாப் பூச்சியை நான் பார்த்ததில்லை. கோபம் கோபமாக வருகிறது. திட்டவும் மனசு வரவில்லை. பழங்காநத்தத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டில் குடியிருக்கிறாள். ஒரே அறை, ஒரு அடுப்படி. வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். புருஷன் ஜெயபாண்டிக்குக் கப்பலூரில் கம்பெனி வேலை. சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம்.

மகள் முத்துமீனா என்னிடம் கீபோர்டு படிக்கிறாள். ஜாய்ஸ் மிஸ் என்றால் இந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பவள். எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், இந்தப் பிள்ளையின் கை வேறு. டிசம்பர் கிரேடு பரீட்சைக்குப் பேர் கொடுத்தோம். தினமும் வீட்டில் வாசித்துப் பழகினால்தான் தேறுவாள். என்னிடம் இருப்பதோ ஒரே கீபோர்டு. அதற்கு மாலையெல்லாம் பிள்ளைகள் வரிசை.

இதற்கிடையில் முத்துமீனாவுக்குச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் சிவனாண்டி போன் போட்டு, என்ன சீர் வேண்டும் என்று கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஒரு கீபோர்டு போதும்ணே. ஹெட்போன் மாட்டிக்கிட்டா வெளிய கேக்காது. இங்க ஹவுஸ் ஓனரு சத்தம்னாலே சாமியாடுவாரு."

"ஏத்தா, பலகை மாதிரி இருக்குமே, அதா? கக்கத்துல இடுக்கிக்கிட்டு வர நான் மாமனா, கூரியர்காரனா? அதுல பெருசு எது, அதைச் சொல்லு."

"பெருசு பியானோண்ணே. ஆனா..."

அந்த 'ஆனா'வைக் கேட்க அவர் போனில் இருந்தால்தானே!

"கறாராச் சொல்லேன்டி" என்றேன்.

"மாமன் சீரை வேணாம்னா, மாமனே வேணாம்னு அர்த்தம் டீச்சர். எனக்குப் பெறந்த வீடுன்னு இருக்கிறது எங்கண்ணன் ஒருத்தருதான்."

அடேயப்பா, வந்ததே சீர்! கொட்டு முழங்க, தாம்பாளங்களுக்குப் பின்னால், குட்டியானை வண்டியில் மாலை போட்ட பியானோ. வந்த சனம் பூராவும் வாயைப் பிளந்தது. சிவனாண்டி முன்னால் நடந்து வந்தார். முகத்தில் அத்தனை பெருமை. பொல்லாத மனுஷர் இல்லை. மருமகளுக்காகக் கொடைக்கானல் வரை அலைந்து அதைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

கட்டிலை வெளியே போட்டுவிட்டுத்தான் பியானோவை உள்ளே வைக்க முடிந்தது. ஜெயபாண்டி அன்றிலிருந்து தரையில் படுக்கிறார். முத்துமீனா இரண்டு நாள் வாசித்தாள். அடுத்த வீட்டுக் கைக்குழந்தை வீரிட்டு அழுதது. ஓனர் வந்து, இன்னொரு தடவை சத்தம் கேட்டால் வீட்டைக் காலி பண்ணிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். அதோடு மூடி வைத்ததுதான்.

"பழைய கீபோர்டு ஒண்ணு நானே பாத்துத் தாரேன், வாங்கிக்கோ" என்றேன்.

"வைக்க எடம் எங்க டீச்சர்? அண்ணன் வந்து பாத்தா, நான் குடுத்தது ஆகலையான்னு கேப்பாரே. நான் என்னதான் செய்ய?" தையல் மெஷின் மேலேயே தலையைக் கவிழ்த்து அழுதாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அங்கிருக்கும்போது சிவனாண்டி வீடியோ காலில் வந்தார். சுற்றிலும் ஊர்க் கூட்டாளிகள்.

"மருமகளே, ஒரு பாட்டு வாசி ஆத்தா. இவனுக நம்ப மாட்டேங்கிறானுக."

நல்லவேளை, ஓனர் வெளியூர் போயிருந்தார். முத்துமீனா பரீட்சைப் பாட்டையே எடுத்தாள். தொடங்கியதுமே விரல் தடுமாறியது. நிறுத்தி, மறுபடி தொடங்கினாள், மறுபடியும் தப்பு. பாதியில் கையை எடுத்துவிட்டாள். எப்படி வாசித்த பிள்ளை!

போனில் ஒரே கைதட்டல். சிவனாண்டி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எம்புட்டு அருமையா வாசிக்குது பாருங்கடா!"

முத்துமீனா என் பக்கம் திரும்பினாள். "மிஸ், பரீட்சையிலருந்து என் பேரை எடுத்துருங்க" என்றாள் மெதுவாக.

"தெனமும் வாசிக்குதாத்தா பிள்ளை?" என்று போனில் கேட்டார் சிவனாண்டி.

சரண்யாதேவி மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"வாசிக்குதுண்ணே" என்றாள். "தெனமும் வாசிக்குது."