சூடு தெரியாத கால்

எங்கள் நைனா சுப்பன் மீசை முளைப்பதற்கு முன்பே பழவேற்காடு ஏரியில் இறங்கியவர். கையால் இறால் தடவுகிறவர்களுக்குப் படகும் கிடையாது, வலையும் கிடையாது. ஆழமில்லாத இடத்தில் மண்டியிட்டு, பறி என்கிற ஓலைக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்தபடி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே தவழ்ந்து போக வேண்டும். விரலில் இறால் பட்டால் அமுக்கிப் பறியில் போட வேண்டும். பல்லில் கயிறு இருப்பதால் வேலை நேரத்தில் பேச்சே இருக்காது. கரைக்கு வந்த பிறகு அதையெல்லாம் சேர்த்துப் பேசிவிடுவார் நைனா.

ஏரியில் அவருக்குக் கால் வலிக்காது. கரையேறி கோட்டைக்குப்பத்தை ஒட்டியிருக்கும் எங்கள் வீட்டுக்கு நடக்கும்போதுதான் இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். மின்கம்பத்தில் சாய்ந்து நின்று ஒரு பீடி பற்ற வைப்பார். பீடி முடிவதற்குள் வலி போய்விடும். நின்றதால் போன வலியைப் பீடி போக்கியதாக அவர் நம்பினார். அடுத்த கம்பத்தில் இன்னொரு பீடி.

பொன்னேரியில் ஒரு மருந்துக்கடையில் கால் மரத்துப் போகிறது என்று சொல்லி, சிவப்பு சத்து மாத்திரை வாங்கி வந்தார். சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போனது. "பாத்தியா, உள்ள பூந்து வேலை செய்யுது" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். மரத்துப் போவதைப் பற்றி வேறு யாரும் கவலைப்படவில்லை. ஏரியில் இறங்குகிற எல்லோருக்கும் கால் மரத்துத்தான் போகும். எங்கள் பக்கத்தில் அது ஒரு நோயே இல்லை.

நான் நந்தினி. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள். விலங்கியல். வேலை இன்னும் கிடைக்கவில்லை. படிப்பு எனக்கு விடை எதையும் கொடுத்ததாகத் தெரியவில்லை. எதைப் பார்த்தாலும் சந்தேகப்படும் புத்தியைத்தான் கொடுத்திருந்தது. அந்தப் புத்தியை நம்பலாமா என்பதும் எனக்குச் சந்தேகம்தான்.

போன கார்த்திகையில் ஒரு மத்தியானம், நைனா நடந்து வந்த தரையில் ரத்தத் தடம் இருப்பதை அம்மா பார்த்தாள். இடது பெருவிரலின் அடியில் ஓட்டை மாதிரி ஒரு புண். சுற்றிலும் தோல் கறுத்திருந்தது.

நைனாவோடு இறால் தடவப் போகும் தருமன் மாமா எட்டிப் பார்த்தார். "கெளுத்தி முள்ளு. சந்தேகமே இல்ல. சரோஜா, மணலைச் சுட வையி."

கெளுத்தி குத்தினால் சூடுதான் வைத்தியம். இரும்புச் சட்டியில் மணலை வறுத்து, பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டுக் காலைப் புதைப்பார்கள். சூடு ஏற ஏற வலி இறங்கும். நானே பார்த்திருக்கிறேன். அம்மா அடுப்பை மூட்டினாள்.

"எப்ப குத்துச்சு நைனா?"

"யாருக்குத் தெரியும்? தண்ணில எதோ குத்தியிருக்கும்."

எனக்கு அங்கேதான் இடறியது. தருமன் மாமாவைக் கெளுத்தி குத்திய அன்று அவர் போட்ட கூச்சல் தெருமுனை வரைக்கும் கேட்டது. நைனாவுக்குக் குத்தியதே தெரியவில்லை.

"மாமா, கெளுத்தின்னா இவ்ளோ நேரம் சும்மா இருப்பாரா?"

"இன்னாமே, உங்க நைனா என்ன மாதிரி கத்துற ஆளு இல்ல. காலேஜ்ல கெளுத்திக்குத் தனிப் பரீட்சை வச்சாங்களா?"

நைனா சிரித்தார். ஒருவேளை கெளுத்தியாகவே இருந்தால்? தெரிந்த மருந்தைத் தடுத்து அவரை வலியில் விட்டவளாகிவிடுவேன். அம்மா சட்டியை இறக்கி வைத்தாள். "இருய்யா, ஆறட்டும்" என்று தண்ணீர் எடுக்கத் திரும்பினாள். அதற்குள் நைனா குதிகாலை மணலில் வைத்துவிட்டார்.

"சூடே இல்லியே சரோஜா. இன்னும் கொஞ்சம் காய வையி."

நான் மணலில் விரலை வைத்தேன். வைத்த வேகத்தில் கத்திக்கொண்டு இழுத்தேன். விரல்நுனி வெந்து சிவந்துவிட்டது. நைனாவின் கால் அப்போதும் மணலில்தான் இருந்தது. என்னைப் பார்த்து, "இன்னாம்மா ஆச்சு?" என்றார்.

அம்மா அவர் காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். குதிகாலில் தோல் வெளுத்து உப்பிக்கொண்டு வந்தது. நான் ஒரு கையில் இடது பாதத்தையும் மறு கையில் வலது பாதத்தையும் பிடித்தேன். வலது பாதம் உடம்பின் வெதுவெதுப்போடு இருந்தது. இடது பாதத்தில், மணல் படாத மேல்பக்கம், ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது.

தருமன் மாமா சட்டியைத் துணியால் பிடித்துத் தள்ளி வைத்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம் நைனா."

"எங்கூடத் தடவுன ரங்கனும் கால் புண்ணுன்னு ஆஸ்பத்திரிக்குத்தான் போனான். கால எடுத்துட்டாங்க. இப்ப கட்டைய ஊனிக்குனு கீறான். கால் இல்லாம நான் எப்பிடித் தவழறது? வேற எந்த வேலை தெரியும் எனக்கு?" அவர் குரல் உயர்ந்தது. "மாத்திரை துன்றேன் இல்ல? ரெண்டா துன்றேன்."

ரங்கனுக்கு நடந்தது இவருக்கு நடக்காது என்று எதை வைத்துச் சொல்வேன்? அம்மாதான் பேசினாள்.

"நான் வறுத்த மணலுய்யா அது. உனுக்குச் சூடு தெரில. இனிமே நான் சோறு ஆக்கிப் போட்டாலும் பயந்துக்குனே போடணும். ஏந்திரு."

எழுந்தார்.

பொன்னேரி டாக்டர் ஓர் இளம் பெண். பாதத்தின் மேல் விரலை வைத்து வெகுநேரம் நாடியைத் தேடினார். பிறகு பேனா மாதிரி ஒரு கருவியை வலது பாதத்தில் வைத்தார். புஸ் புஸ் என்று நாடி கேட்டது. இடது பாதத்தில் வைத்தார். வெறும் இரைச்சல். இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். அப்போதும் இரைச்சல்தான். நைனா அந்தக் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலுக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருக்கு ஐயா. நடந்தா வலி, நின்னா சரி. அப்படித்தானே?"

"ஆமாம்மா. பீடி புடிச்சா சரியாப்பூடும்."

"பீடிதான் அடைச்சதே."

நைனா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்ப சத்து மாத்திரை?"

"சத்து குறைஞ்சிருந்தா அதுக்கு மாத்திரை உதவும். அடைப்பை அது எடுக்காது. இன்னிக்கே சென்னைக்குப் போங்க."

"கால எடுத்துருவாங்களா?"

"விரலுக்கு நான் உத்தரவாதம் தரமாட்டேன். காலைக் காப்பாத்தத்தான் அனுப்பறேன்."

சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் தொடை வழியாகக் கம்பி விட்டு அடைப்பைத் திறந்தார்கள். கறுத்த பெருவிரலை எடுத்துவிட்டார்கள். கால் தங்குமா என்று கேட்டபோதெல்லாம் "பார்க்கலாம்" என்றார்கள். அம்மா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுக்கு மேலே தெரிந்த கணுக்காலில் புறங்கையை வைத்து வைத்துப் பார்த்தாள். சூடு வந்தது போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும். "நீ தொட்டுப் பாருடி" என்பாள். நான் தொட்டால் என் கையின் சூடா, அவர் காலின் சூடா என்று எனக்கே தெரியாது.

ஒரு காலை, நர்ஸ் கட்டை அவிழ்த்துக் குதிகாலின் சூட்டுப் புண்ணைத் துடைத்தபோது, நைனா வார்டு முழுக்கக் கேட்கும்படி ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

நர்ஸ் கையை எடுத்துவிட்டாள். "பெரியவரே!"

"வலிக்குது சிஸ்டர்! கொஞ்சம் மெதுவா!"

"இன்னொரு தபா தொடு சிஸ்டர்" என்றாள் அம்மா. அவள் அழுதுகொண்டிருந்தாள். "இன்னொரு தபா திட்டட்டும்."