மெர்ஸியின் தாய் எழுந்து பேசிய ஞாயிறு

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினாலே எழுந்து தேத்தண்ணீர் போடப் போகிறவள் நான். இதைக் கேட்டுவிட்டு, வசந்திக்கு வயது போகப் போக மூளையும் போகிறது என்று நீங்கள் நினைத்தாலும் பரவாயில்லை, என் கணவரே அப்படித்தான் நினைக்கிறார். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

லண்டன் இல்ஃபோர்டில் என்னோடு அலுவலகத்தில் வேலை செய்கிறவள் ஜூடித். பழைய பதிவுகளைக் கிளறி வம்சம் தேடுவது எனக்கு ஒரு பைத்தியம் என்பது அவளுக்குத் தெரியும். அவளுடைய தாய் முதியோர் இல்லத்தில் படுக்கையில் இருந்தார், இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த அம்மாவின் முன்னோர் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் லண்டனிலிருந்து கப்பலேறி அமெரிக்கா போன குடும்பம், அதில் ஒரு பேரன் வழி பிறகு இங்கேயே திரும்பி வந்தது. போகும்போது மெர்ஸி என்ற நோயாளிப் பெண் குழந்தையை இங்கே விட்டுவிட்டுப் போனார்கள், அது தனியாகக் கிடந்து செத்தது என்று அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரு கதை. சாகக் கிடக்கிற மனுஷிக்கு வேறு கவலை இல்லை. "ஒரு தாய் அப்படிச் செய்வாளா, தேடிச் சொல்லு" என்று என் கையைப் பிடித்துக் கேட்டார்.

தேடினேன். தேடாமல் இருந்திருக்கலாம் என்று நினைக்கும்படி ஆயிற்று. குவேக்கர் குடும்பம் ஊர் மாறினால், இன்னார் நல்லவர்கள், இன்னின்ன பிள்ளைகளோடு வருகிறார்கள் என்று சபை ஒரு சான்று எழுதிக் கொடுக்கும். அந்தச் சான்று கிடைத்தது. தாய், தகப்பன், இரண்டு ஆண்பிள்ளைகள். மெர்ஸியின் பெயர் இல்லை. தேதி ஐந்தாம் மாதம். அவர்கள் மாதங்களுக்குப் பெயர் சொல்வதில்லை, எண்தான். மெர்ஸியை அடக்கம் செய்தது பக்கத்துத் தேவாலயப் பதிவில் இருந்தது, அதே வருஷம், அதில் மாதம் ஜூன் என்று பெயரோடு. மே மாதம் உயிரோடு இருந்த பிள்ளையைச் சேர்க்காமல் சான்று வாங்கியிருக்கிறார்கள், ஜூனில் அது போய்விட்டது. கதை உண்மைதான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஞாயிறு பின்னேரம் இதை அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

அன்று காலை ஜூடித் தங்கள் சபைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டாள். சரி, மனதாவது ஆறட்டும் என்று போனேன். மனோர் பார்க் முருகன் கோயிலில் மேளமும் மணியுமாகக் கும்பிட்டுப் பழகிய எனக்கு அது பெரிய சோதனை. குருவும் இல்லை, பாட்டும் இல்லை, எல்லோரும் வட்டமாகப் பெஞ்சுகளில் ஒரு மணி நேரம் பேசாமல் இருக்கிறார்கள். யாருக்காவது உள்ளே இருந்து சொல் வந்தால் எழுந்து சொல்லலாம், வராவிட்டால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பட்டப் பகல், ஜன்னலால் நல்ல வெயில், எனக்குத் தூக்கமும் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

எனக்கு நேரே எதிர்ப் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். நாற்பது வயது இருக்கும், தடித்த உடம்பு, சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தாள், சட்டிபானை கழுவிய கையைப்போலச் சிவந்த கை. என்னையே பார்த்தாள். பிள்ளையை அடக்கம் செய்துவிட்டுத்தான் கப்பல் ஏறினோம் என்றாள். அழுகை இல்லை, நல்ல கோபம். இல்லாததைச் சொன்னால் எங்கள் பெண்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வருவார்களே, அந்தக் கோபம். சொல்லிவிட்டுத் திரும்பப் பெஞ்சில் இருந்தாள். நான் பக்கத்தில் இருந்த ஜூடித்தைப் பார்த்தேன், அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். திரும்ப எதிரே பார்த்தால் பெஞ்சில் ஒருவரும் இல்லை.

முடிந்து தேநீர் குடிக்கும்போது, அந்தப் பெண் யார் என்று கேட்டேன். "இன்றைக்கு ஒருவருமே பேசவில்லையே, வசந்தி" என்றாள் ஜூடித். அவளுக்கு அருகே நின்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீர் நித்திரை கொண்டிருப்பீர்."

"நான் நித்திரை கொள்ளேல்லை. ஆனா அந்த மனுசி சொன்னது பிழை. அஞ்சாம் மாசம் சான்று வாங்கியிருக்கினம், பிள்ளை ஜூனிலதான் செத்தது."

"அஞ்சாம் மாசம் எண்டா மே எண்டு ஆர் சொன்னது? எங்கட அஞ்சாம் மாசம் ஆவணியெல்லோ."

எனக்குத் திக்கென்றது. சித்திரையில் வருஷம் பிறக்க அர்ச்சனை செய்துவிட்டு வருகிறவள், ஊரெல்லாம் ஜனவரியில்தான் தொடங்கும் என்று இருந்துவிட்டேனே! கையைக்கூடக் கழுவாமல் ஓடிப்போய்த் தேடினேன். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் வருஷம் பிறந்தது மார்ச்சில். குவேக்கர்களின் முதல் மாதம் மார்ச். ஐந்தாம் மாதம் ஜூலை. சான்று எழுதும்போது மெர்ஸி மண்ணுக்குள் போய்விட்டாள், அதனால்தான் பெயர் இல்லை. கடைசிவரை தாய் பக்கத்திலேயே இருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, இவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

பின்னேரம் ஜூடித்தின் தாயிடம் இரண்டு பதிவுகளையும் காட்டி, மாதக் கணக்கை விளங்கப்படுத்தினேன். "அப்படியென்றால் விட்டுப் போகவில்லை" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார். முகத்தில் இருந்த இறுக்கம் விட்டுப்போனது நன்றாகத் தெரிந்தது. நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கியதுபோல எனக்கும் இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லையாம், அமைதியாகத்தான் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் அன்று நாங்கள் கிளம்பும்போது ஜூடித் சும்மா இருக்காமல், வசந்தி சபையில் ஒரு பெண்ணைப் பார்த்தாளாம் என்று சிரித்தாள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"அவள் சொன்ன சொல்லை அப்படியே சொல்லு" என்றார்.

ஆங்கிலத்தில் சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. காதில் கேட்டதை நினைவில் தேடிப் பார்த்தபோதுதான் எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. நான் கேட்டபடியே, எங்கள் ஊர்த் தமிழிலேயே சொன்னேன், எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

"பிள்ளையை மண்ணுக்க வைச்சுப்போட்டுத்தான் கப்பலேறினனாங்கள். விட்டிட்டுப் போனதெண்டு ஆர் சொன்னது?"