கிழக்கு வாசல்

பள்ளியில் அவருக்குப் பெயர் கோட்டை சார். இருபத்திரண்டு வருடமாக எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறார். முற்றுகைப் பாடம் வந்தால் போர்டில் சாக்பீஸால் கோட்டையை வரைவார். எதிரிப்படை வாசலை உடைக்கும் கட்டத்தில் மேஜையில் ஓங்கி ஒரு குத்து. கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

இந்த வருடம் புதிதாக வந்த கம்ப்யூட்டர் டீச்சர் ஒரு பெட்டி நிறைய வி.ஆர். கண்ணாடிகளைக் கொண்டுவந்தார். தலையில் மாட்டினால் அதே கோட்டைக்குள் நடந்து பார்க்கலாமாம். டீச்சர் இவரிடம் படித்த பெண்தான். அது வேறு வயிற்றெரிச்சல். பிள்ளைகள் போட்ட கூச்சல் ஆசிரியர் அறைவரை கேட்டது.

"ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"பொம்மை காட்டிப் பாடம் நடத்துறாளாம்."

"நீங்க மேஜையைக் குத்துறது மட்டும் என்னவாம்?"

சார் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

முற்றுகைப் பாடத்தை இனி யார் எடுப்பது என்று, டீச்சரின் வெள்ளிக்கிழமை வகுப்பைப் பார்த்துச் சொல்வதாகத் தலைமையாசிரியை அறிவித்தார். குற்றம் கண்டுபிடிக்கவென்றே சாரும் போனார். கண்ணாடியை மாட்டி, இரண்டு பெஞ்சில் முட்டிக்கொண்டு, கோட்டையைச் சுற்றினார். கண்டுபிடித்தும் விட்டார். சந்தோஷம் தாங்கவில்லை.

"வாசல் மேற்கே இருக்கே டீச்சர்! எந்தப் புத்தகத்துலயும் கிழக்கேதான். பிள்ளைங்களுக்கு இதையா சொல்லிக் குடுக்குறீங்க?" தலைமையாசிரியைக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

டீச்சர் பையிலிருந்து தன் பழைய எட்டாம் வகுப்பு நோட்டை எடுத்து நீட்டினார். "நீங்க போர்டுல வரைஞ்சதைப் பார்த்துத்தான் சார் செஞ்சேன்."

மேற்கே வாசல் வைத்த கோட்டை. கீழே 'மிக நன்று' என்று சாருடைய கையெழுத்து.

பழைய போர்டில் கிழக்கு வரவேண்டிய வலது ஓரம் வழுவழுவென்று தேய்ந்து, அங்கே சாக்பீஸ் பிடிக்காது. அதனால் வாசலை இடது பக்கம் போட்டுவிட்டு, "நிஜத்துல அந்தப் பக்கம்" என்று வாயால் சொல்வார். சொல்வதை எந்த வருடம் விட்டார் என்று அவருக்கே நினைவில்லை. போர்டை மாற்றிய பிறகும் கை பழைய பக்கமே போனது.

"வாசலை மட்டும் திருத்திட்டு நீங்களே எடுங்க டீச்சர்," என்றார் தலைமையாசிரியை.

சார் தலையாட்டினார். பின்னால் கண்ணாடி மாட்டியிருந்த ஒரு பெண் பிள்ளை, "ஐயோ, வாசல் உடையுது!" என்று அலறி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவர் குத்திய குத்துக்கு ஒரு பிள்ளைகூட இப்படி அலறியதில்லை. உடைந்தது அவர் தப்பாக வரைந்த வாசல்தான். அதன்மேலும் அவருக்குப் பொறாமையாக இருந்தது.