மாமனாரின் தாடியும் ஒரு கேள்வியும்

என் மனைவி வேலை செய்யும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவளுக்கு 'ஏன் மெக்கானிக்' என்று பட்டப்பெயர். நின்றுபோன தையல் மிஷினை மற்றவர்கள் ஓடவைத்துவிட்டு நகர்வார்கள். இவள், ஏன் நின்றது என்று தெரியாமல் மூடியைப் பூட்டமாட்டாள். அப்படிப்பட்டவள் தன் அப்பாவின் தாடியை மட்டும் எப்படி இத்தனை காலம் சும்மா விட்டாள் என்பது எனக்குப் புரியவே இல்லை.

மாமனாருக்கு ஹீமோபிலியா. ரத்தம் எளிதில் உறையாது. கத்திக்குப் பயந்துதான் அந்தத் தாடி. சின்ன வயதில் மூட்டுக்குள் ரத்தம் கசிந்து கசிந்து ஒரு முழங்கால் மடங்காமலே போயிற்று. "ஆம்பளைங்களுக்குத்தான் வரும். எனக்கு ரெண்டும் பொண்ணு. என்னோட முடிஞ்சுது," என்பார். வீடே நம்பியது. நானும்தான்.

என் மனைவி முழுகாமல் இருந்தபோது ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏம்ப்பா, தாத்தாவுக்கு இது இல்லையே. உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"எங்க தாய்மாமாவுக்கு இருந்துச்சும்மா."

"அப்போ உங்க அம்மா வழியாத்தானே வந்திருக்கு? அவங்க பொம்பளைதானே?"

மாமனாரின் கை தட்டிலேயே நின்றது. அப்படியென்றால் இவள் வயிற்றுப் பிள்ளைக்கும் வரலாமே.

"கிணறு வெட்டப் போய் பூதத்தைக் கிளப்பாதே," என்றார். கிளப்பினாள்.

மரபணு மருத்துவர் முதலில் மாமனாரின் ரத்தத்தைத்தான் கேட்டார். "கோளாறு எங்க இருக்குன்னு இவர்கிட்ட தெரிஞ்சா, குழந்தைகிட்ட அந்த ஒரு இடத்தைப் பார்த்தாப் போதும். இவரோட மகள்கள் அந்தக் கோளாறைக் கட்டாயம் சுமப்பாங்க. அவங்களுக்குப் பையன் பிறந்தா, நோய் வர்ற வாய்ப்பு பாதிக்குப் பாதி."

"மிஷின்ல எந்தச் சக்கரத்துப் பல் தேஞ்சிருக்குன்னு தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி, டாக்டர்!" இவளுக்கு ஒரே குஷி. பயப்பட வேண்டிய இடத்தில் என்ன குஷி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அதனால்தான் பிரசவ அறையில் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. கருவி போட்டுத் தலையை இழுக்கக் கூடாது, பிறந்த பிள்ளைக்குத் தசையில் ஊசி போடக் கூடாது. பையன் பிறந்தான். தொப்புள்கொடி ரத்தம் பரிசோதனைக்குப் போனது.

இருக்கிறது என்று வந்தது.

மாமனார் உடைந்துவிட்டார். "பேரனுக்கு நான் எழுதிவச்ச சொத்து இதுதானா?"

"உங்களுக்கு என்ன நோய்னு தெரியறதுக்குள்ள முழங்காலே போயிடுச்சுப்பா. இவனுக்கு இன்னும் பேர்கூட வைக்கல, அதுக்குள்ள தெரிஞ்சுபோச்சு."

மாமனார் மருத்துவரைப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்போ... இவன் ஓடுவானா?"

"மருந்தைத் தவறாம போட்டா ஓடுவான். பிடிக்கத்தான் ஆள் வேணும்."

மாமனார் தன் மடங்காத காலைப் பார்த்தார். "ஓடட்டும்," என்றார். "பிடிக்கவே வேணாம்."