முளைவிட்ட சக்கைக்குரு

உங்கள் பெரியம்மையை நினைக்கும்போதெல்லாம் ஒரு செம்புத் தண்ணீர்தான் என் கண்ணில் முதலில் வரும். பிள்ளைகளே, உங்களில் மூத்தவள்கூட அப்போது பிறக்கவில்லை. நானும் உங்கள் அம்மையும் திருவட்டாற்றுக்கு அப்பால் இந்தச் சரிவில் ஓலைவீடு கட்டித் தனியாக வந்த புதிது. தை மாத வெயிலில் மேடேறி வந்த பெரியம்மை முற்றத்தில் நின்று முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். அம்மை நீட்டிய செம்பை வாங்கி, அதற்குள் ஆடிக்கொண்டிருந்த வானத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு ஒரு வாய்கூடக் குடிக்காமல், புதிதாக நட்ட சேம்பின் மூட்டில் அத்தனையையும் ஊற்றிவிட்டாள்.

அது கோபம் இல்லை. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. தனியாகப் போகிறவர்களுக்கு விதையும் மண்வெட்டியும் கொடுத்து அனுப்புவார்கள். ஆனால் மூத்தவர்கள் அங்கே கை நனைக்க மாட்டார்கள். முதல் ஆடி வரவேண்டும். அடைமழையில் எல்லார் அடுப்பும் சுருங்கிக் கிடக்கும் அந்த மாதத்தில், அந்த வீட்டு மண்ணில் விளைந்ததை வேகவைத்துப் பரிமாற வேண்டும். அதன் பிறகுதான் அதை வீடு என்பார்கள். இலை, தழை, தண்டு கணக்கில் சேராது. காயோ கிழங்கோ கொட்டையோ வேண்டும். பெரியம்மை என் அண்ணனின் மனைவி, தாயில்லாத என்னை வளர்த்தவள். அவளே எங்களுடைய ஓலைவீட்டை ‘தம்பி கெடக்குத மேடு’ என்றுதான் சொல்வாள்.

உங்கள் அம்மை களியக்காவிளைக் கடைத்தெருவில் வளர்ந்தவள். அவர்கள் வீட்டில் கறிவேப்பிலைகூடக் கடையிலிருந்துதான் வரும். “கடைத்தெருக்காரி மண்ணை எங்க கண்டா? ஆடி பொறந்ததும் ஓலைப்பெட்டியும் கொண்டு எங்க முற்றத்துக்கு வருவா பாரு” என்று பெரியம்மை அம்மையின் காதில் விழும்படியே சொன்னாள். அன்று சாயங்காலம் மண்வெட்டியை எடுத்த அம்மை அதைக் கீழே வைக்கவேயில்லை.

அந்த மாதங்களை இப்போது நினைத்தால் விழித்திருந்து கண்ட கனவு போல இருக்கிறது. மாசியில் அண்ணன் தன் விளைத்தோட்டத்திலிருந்து கொடுத்துவிட்ட மரச்சீனிக் கிழங்கை வில்லைகளாகச் சீவி, அரைவேக்காடாக வாட்டி, பின்னாலிருக்கும் பாறையில் காயப்போட்டாள். நிலவு எழும்போது பாறை முழுவதும் வெள்ளைப்பூ உதிர்ந்து கிடப்பது போலத் தெரியும். சித்திரையில் அவளுடைய தாய்வீட்டு மாங்காயை உப்பில் போட்டுப் பரணியின் வாயைத் துணியால் கட்டினாள். நாங்கள் தை மாதம் ஊன்றிய மரச்சீனிக் கம்புகள் இலைவிட்டு ஆளுயரம் வந்தன. ஆனாலும் அடியில் கிழங்கு விரல் பருமன்தான், சேம்பிலும் கிழங்கு பிடிக்கவில்லை. ஆடிக்குள் முற்றாது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

மிச்சம் இருந்தது இந்த நிலத்தில் முன்பே நின்ற ஒற்றைப் பலாமரம். வைகாசியில் அது எங்களை வாழவைத்தது. வீடெல்லாம் பழவாசனை, தூக்கத்திலும் அந்த வாசனைதான். தின்ற சுளைகளின் கொட்டையை, நாம் சக்கைக்குரு என்கிறோமே அதை, அம்மை ஒன்றுகூட எறியவில்லை. கழுவாமல் செம்மண்ணில் புரட்டி உலர்த்தினாள். ஆடியில் பெரியம்மைக்கு ஆக்கிப்போட அது போதும் என்று அவள் முகம் தெளிந்தது. அடுப்படி மூலையில் குழி தோண்டி, மணல் பரப்பி, மேலும் மணல் மூடி வைத்தாள்.

அந்த மணலில்தான் பிசகிப்போயிற்று. கோதையாற்றிலிருந்து சுமந்து வந்த மணல் அது. வெயிலில் நன்றாகச் சுட வைத்து ஆறிய பிறகே குழியில் போடவேண்டும். அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. மேல்மணல் கைக்கு உலர்ந்ததாகப் பட்டதால் அதுவே போதும் என்று அம்மை நம்பிவிட்டாள்.

ஆடி பிறந்தது. படகுகள் கடலில் இறங்காததால் குளச்சல் மீன்காரியும் வரவில்லை. மலையும் மரமும் மழைக்குள் கரைந்து, நம் வீடு மட்டும் நீரில் மிதப்பது போல இருந்தது. ஒரு மத்தியானம் நான் வேலை இல்லாமல் திரும்பி வந்தேன். அம்மை குழியருகே குந்தி இருந்தாள். தோண்டியெடுத்த குருக்களில் முக்கால்வாசி நீள வேர் ஓடி, குருத்து விட்டு, பச்சையாக நின்றன. அவள் அழவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி, முளை மூக்கு மட்டும் காட்டியவற்றைத் தனியே வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து, தாழங்குடையோடு பெரியம்மை வாசலில் வந்து நின்றாள்.

உள்ளே வந்தவள் குழியையும் பார்த்தாள், எங்களையும் பார்த்தாள். சுவரோரம் உட்கார்ந்தாள். அம்மை முளைகளைக் கிள்ளி, தோல் நீக்கி, சேம்பந்தண்டோடு வேகவைத்து, தேங்காயும் காந்தாரி மிளகாயும் அரைத்துச் சேர்த்தாள். பக்கத்தில் அவித்த உலர் மரச்சீனி, உப்பு மாங்காய். புகையும் ஆவியுமாக அடுப்படி மங்கிக் கிடந்தது. இலையைப் போட்டதும் பெரியம்மை அதையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“இதெல்லாம் எந்த மண்ணுட்டி?”

“மரச்சீனி ஒங்க வெளையில உள்ளது, அக்கா. மாங்கா எங்க அம்ம வீட்டுது. இந்தக் குரு மட்டுந்தான் இங்க உள்ளது. அதும் மொளச்சுப் போச்சு.”

“மரச்சீனியும் இங்க வெளஞ்சதுன்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனே.”

“நம்பியிருக்க மாட்டிய. ஒங்க கெழங்கு ஒங்களுக்குத் தெரியாதா?”

பெரியம்மையிடம் அப்படி யாரும் பேசியதில்லை. அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. மரச்சீனியையும் மாங்காயையும் இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். கண்ணை மூடி, மழைச் சத்தத்துக்கும் மேலே கேட்கும் குரலில், தன் வீட்டில் சாப்பாட்டுக்கு முன் ஜெபிப்பது போல நீட்டி ஜெபித்தாள். பிறகு ஒரு குருவை எடுத்து வாயில் போட்டு, நெடுநேரம் மென்றாள்.

“கொஞ்சம் கசக்குதுட்டி.”

அம்மை தலையைக் குனிந்துகொண்டாள்.

“இன்னும் ரெண்டு அகப்பை வையி.”

அந்தக் குருக் கூட்டானில் எங்களுக்கு மிச்சம் வைக்காமல் தின்றாள்.

இப்போது நம் விளையில் எந்த மாதமும் ஏதாவது ஒன்று கிடைக்கிறது. குழிக்கு மணல் எடுத்தால் அம்மை உங்களைப் பாறையில் காவல் வைத்து, தொட்டால் சுடும்வரை காயவைக்கிறாள். நீங்கள் முணுமுணுக்கிறீர்கள். பெரியம்மைக்கு இன்று மேடேற முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அந்த மத்தியானம் அவள் போன பிறகு, நடந்தது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் நாங்கள் இருவரும் ஓலைக்கூரையின் சொட்டுகளைக் கேட்டபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

அண்ணன்தான் பின்னொரு நாள் சொன்னார். அன்று நனைந்துபோய்த் திரும்பியவளுக்கு அவர் கஞ்சி எடுத்து வைத்தாராம். அவள் குடையை மடக்கிச் சாய்த்து வைத்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னாளாம்:

“எனக்கு வேண்டாம். தம்பி வீட்டுல தின்னாச்சு.”