இரண்டாவது புள்ளி

சென்ற வாரம் கண்டியில் கண் பரிசோதனைக்குப் போயிருந்தேன். வில்லைகளை மாற்றி மாற்றி வைத்த பெண், "புள்ளி ஒண்ணாத் தெரியுதா, ரெண்டாத் தெரியுதா?" என்று கேட்டார். எளிய கேள்விதான். எனக்கோ உள்ளங்கை வியர்த்துவிட்டது.

பல வருடங்களுக்கு முன், பட்டம் முடித்த கையோடு பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு வானியல் விரிவுரையாளரிடம் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். கலஹாவிலிருந்து பஸ்ஸில் வருவேன். ஈரக்குடைகளின் வாடை அறைவரை கூடவே வரும். அந்த வாடைக்குள் உட்கார்ந்துதான் பழுப்புக் குறுமீன்கள் என்ற மங்கலான விண்பொருள்களைப் படங்களில் பார்த்தேன். நட்சத்திரமாக எரியப் போதிய எடையில்லாமல், பிறந்த நாளிலிருந்து ஆறிக்கொண்டே இருப்பவை. சில சோடியாகச் சுற்றும். அந்தச் சுற்றை அளந்தால் எடை தெரியும். காற்றின் நடுக்கத்துக்கேற்பக் கண்ணாடியை நெளித்துப் படத்தைத் தெளிவாக்கும் பெரிய தொலைநோக்கி ஒன்று வெளிநாட்டில் இருந்தது. அது அனுப்பும் படங்களில் இரு புள்ளிகளுக்கிடையே எவ்வளவு தூரம் என்று அளப்பது என் வேலை.

ஒருநாள், தனியன் என்று எல்லோரும் நம்பியிருந்த ஒன்றின் அருகே மங்கலாக இன்னொரு புள்ளி. மிஸ்ஸிடம் ஓடினேன். அவர் வெளிநாட்டுக் குழுவுக்கு எழுத, அவர்கள் அதை மறுபடி பார்க்கத் தொலைநோக்கியில் நேரமே ஒதுக்கிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம் பழைய படங்களைப் புரட்டினேன். வேறொரு விண்மீனுக்குப் பக்கத்திலும், அதே இடத்தில், அதே புள்ளி. அது வானத்தில் இல்லை. கருவிக்குள் தெறித்த வெளிச்சம். வயிறு கலங்கியது. என் வேலை போகும், மிஸ்ஸின் பெயரும் கெடும். படத்தை மூடிவிட்டு, சிரிக்காதீர்கள், மேசையைத் துடைத்தேன். இரண்டு நாள் மிஸ்ஸின் செருப்புச் சத்தம் கேட்டாலே வேறு படத்தைத் திறந்துகொண்டேன். மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன்.

"எப்ப கண்டனீர்?"

"முந்தாநேத்து, மிஸ். பயமா இருந்துச்சு."

அவர் அந்தப் பழைய படத்தைத் திறந்து பார்த்தார். "எனக்கும் இப்ப பயமாத்தான் கிடக்கு. கதிரையை இழுத்துக்கொண்டு வாரும், எழுதுவம்."

வெளிநாட்டுக் குழுவுக்கான கடிதத்தை அவரே தட்டச்சு செய்தார்.

சில நாளில் பதில் வந்தது. கருவியைத் திருப்பிப் படமெடுத்தார்களாம். புள்ளியும் கூடவே திரும்பியதாம். வானத்தில் இருப்பது அப்படித் திரும்பாது. மிஞ்சிய நேரத்தை வேறொரு சோடிக்குக் கொடுத்துவிட்டார்கள். யாரும் திட்டவில்லை, வேலையும் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு புள்ளியையும் நான்கு தரம் அளந்தேன்.

இப்போது அந்த அறையில் பழுதான கணினிகளை அடுக்கியிருக்கிறார்கள். மிஸ் நாட்டைவிட்டுப் போய்விட்டார். தூரங்களை மென்பொருளே அளக்கிறது. பிழை வந்தால் தானே மறுபடி அளக்கிறது. யாருக்கும் வயிறு கலங்குவதில்லை.