எஸ்தர் அக்கா சுவிட்சை அணைத்திருந்தார்

ரயில் மான்குர்தில் நின்றிருந்தபோது விடுதிக் காவலாளி அழைத்தார். "மேடம், வார்டன் அக்காவுக்கு ஷாக் அடிச்சிருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம்." நான் செம்பூரில் இறங்கி ஆட்டோ பிடிப்பதற்குள் மறுபடி அழைத்தார்.  "இனி அவசரமில்ல, மெதுவா வாங்க மேடம்" என்றார்.

எஸ்தர் அக்கா செம்பூரில் எங்கள் கல்லூரிப் பெண்கள் விடுதியின் வார்டன். தாராவியில் பிறந்து வளர்ந்தவர். பேச்சு மட்டும் திருநெல்வேலி. விடுதிக் குழுவில் கல்லூரியின் சார்பில் நான் இருந்ததால் பல வருடப் பழக்கம். அவரை எல்லோருக்கும் பிடித்தது என்று எழுத மாட்டேன். எனக்கே முதலில் பிடிக்கவில்லை. எதையும் திரும்பத் திரும்பச் சொல்வார். சொன்ன பிறகும் நம்மைச் சந்தேகத்தோடு பார்ப்பார்.

மழைக்காலத்தில் துணி காயாமல் அறைகளெல்லாம் நாறியதால் ஒரு டிரையர் வாங்கினோம். அது வந்த அன்றே பெண்களை அதன்முன் நிறுத்தினார்.

"ஏட்டி, உள்ள எது விழுந்தாலும் மொதல்ல பிளக்கைப் பிடுங்கணும். சுவிட்சு அணைஞ்சிருக்குன்னு நம்பிக் கைய விடக் கூடாது. உருளை நிக்கணும், சூடு ஆறணும். பொறவுதான் தேடணும்."

"கம்மல் விழுந்தா சரி ஆன்ட்டி, நானே விழுந்துட்டா?" என்றாள் ஒருத்தி.

"அப்பவும் பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் ஒன்ன எடுப்பேன்."

அப்படித்தான் செய்தார். துணிப்பஞ்சு சேரும் வடிகட்டியை உருவும்போது திறக்கும் இடுக்கில்தான் சாமான்கள் விழும். பிடுங்கிய பிளக்கைக் கண்ணில் படும்படி இயந்திரத்தின் மேல் வைத்துவிட்டுத்தான் குனிவார். வாக்குவம் கிளீனர் குழாயின் வாயில் பழைய காலுறையைக் கட்டி, விழுந்ததை உறிஞ்சி எடுப்பார். கம்மல், ஹேர்பின், ஒருமுறை யாருடைய பல்லுக்கோ போட்டிருந்த கிளிப். "இதக் கேட்டு ஒருத்தியும் வர மாட்டா, வெக்கம் பிடிச்சவளுவ" என்று என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

சென்ற வருடம் அந்த பிளக் சூடேறி உருகிவிட்டது. வேறு பொருத்துவதற்குப் பதிலாக, விடுதிச் செயலாளர் அனுப்பிய ஆள் வயரை நேராகச் சுவரின் சுவிட்சில் சேர்த்துவிட்டுப் போனான். குழுக் கூட்டத்தில் அக்கா கேட்டார்: "பிளக்கு இல்லாம நான் எதப் பிடுங்க? பழையபடி மாட்டித் தாங்க." நானும் அதையே சொன்னேன். "சுவிட்ச் இருக்குல்ல, அப்புறம் என்ன பயம்?" என்றார் செயலாளர். அன்று முதல், டிரையருக்குள் எது விழுந்தாலும் மெக்கானிக் வந்துதான் எடுப்பார் என்று அக்கா அறிவித்தார். பெண்கள் அவரைத் திட்டினார்கள்.

இறந்த அன்று காலை, ஃபாத்திமா என்ற மாணவி வடிகட்டியை உருவக் குனிந்தபோது அவளுடைய காது கேட்கும் கருவி கழன்று இடுக்கில் விழுந்தது. அது இல்லாமல் அவளுக்குப் பேச்சு புரியாது. அன்று காலைதான் அவளுக்கு வேலைக்கான நேர்காணல். மெக்கானிக் மதியம் வருவதாகச் சொன்னார். மெயின் சுவிட்ச் அறையின் சாவி, இன்னும் திறக்காத அலுவலகத்துக்குள் இருந்தது. அக்கா குழாயால் உறிஞ்சிப் பார்த்தார், வரவில்லை. சுவரில் சுவிட்சை அணைத்தார். இயந்திரத்தின் பட்டனை அழுத்தி, ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பெண்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தினார். பிறகு முன்பலகையைக் கழற்றிக் கையை விட்டார்.

போலீசோடு வந்த எலக்ட்ரீஷியன் எனக்குக் காட்டினார். "சுவிட்ச் ஆஃப்லதான் இருக்கு மேடம். ஆனா கரண்ட் வர்ற வயர்ல போட வேண்டிய சுவிட்ச, திரும்பிப் போற வயர்ல போட்டிருக்கான். மிஷின் ஓடாது. உள்ள கரண்ட் அப்படியே நிக்கும்."

மறுநாள் அக்காவின் உடலை விடுதி முற்றத்தில் வைத்திருந்தோம். செயலாளர் ஒரு தாளைப் பிரித்து, "ஒரு கண நேரக் கவனக்குறைவால் நம்மைப் பிரிந்த" என்று வாசிக்கத் தொடங்கினார்.

"அந்த வார்த்தைய எடுங்க" என்றேன்.

"மேடம், இந்த நேரத்துல எதுக்கு..."

"இந்த நேரத்துலதான். அவங்க சுவிட்ச அணைச்சிருந்தாங்க. பிளக் கேட்டாங்க, நீங்க குடுக்கல."

அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆனால் அந்த வார்த்தை அதற்குள் கல்லூரி முழுக்கப் போய்விட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். வேறு சிலர் தியாகம் என்கிறார்கள். அதையும் நான் ஏற்கவில்லை. எஸ்தர் அக்கா உயிரைக் கொடுக்கக் கையை விடவில்லை. ஒரு பெண்ணை நேரத்துக்கு அனுப்பப் பார்த்தார். பிளக் இருந்திருந்தால் அனுப்பியிருப்பார்.

கல்லறைத் தோட்டத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. காதுக் கருவி இன்னும் போலீஸ் சீல் வைத்த இயந்திரத்துக்குள்தான் இருக்கிறது. ஃபாத்திமா குடையில்லாமல் முன்னால் நின்று, ஜெபிக்கும் போதகரின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் ஆமென் சொல்லி முடித்த பிறகு, பக்கத்தில் நின்றவர்களின் முகங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டு, தனியாக, சற்று உரக்க, "ஆமீன்" என்றாள்.

போய் வாருங்கள், எஸ்தர் அக்கா. தவறு உங்களுடையதல்ல.